ஒத்திப்போட முடியாத உயிர்

அமெரிக்காவின் டாலஸ் நகரில் யூ.டி. சவுத்வெஸ்டர்ன் என்ற மருத்துவ மையம் இருக்கிறது. அங்குள்ள மருத்துவர்கள் முதல் வகை நீரிழிவு உள்ள 28 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லோரும் 10 முதல் 17 வயதுக்குள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் அதைக் குறித்துவைப்பதும் அந்த வயதில் சலித்துப்போகும் வேலை. வீட்டில் சொல்லச் சொல்லத் தள்ளிப்போடுவார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வளர்ப்பதற்கு மீன் கொடுத்தார்கள். காலையில் மீனுக்குத் தீனி போடும்போது சர்க்கரை பார்க்க வேண்டும். இரவு படுக்கப் போகுமுன் தீனி போடும்போது மறுபடியும் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுகிற நாளில், வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து அந்த வாரத்து அளவுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கூடுதலாகச் செய்தது இவ்வளவுதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மீன் வளர்த்த பிள்ளைகளின் ஹெச்பிஏ1சி அளவு (சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டுவது) 0.5 புள்ளி இறங்கியிருந்தது, மற்றவர்களுக்கு 0.8 புள்ளி ஏறியிருந்தது. இந்த ஆய்வு 2015-இல் வெளியானது.

மீன் மடியில் வந்து படுக்காது, வாலாட்டாது, அழுதால் முகத்தை நக்காது. வளர்ப்புப் பிராணியிடம் நாம் தேடுகிற கொஞ்சல் எதுவும் அதனிடம் கிடையாது. அதற்கு இரண்டு வேளை தீனி வேண்டும். பிள்ளை தன் உடம்புக்குச் செய்துகொள்ள வேண்டிய வேலையை அந்தத் தீனியோடு முடிச்சுப் போட்டார்கள். ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) உள்ள பெரியவர்களுக்கு விலங்கு எப்படி உதவும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்த மீன்தொட்டியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் அந்தப் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. மனநலச் சிக்கல் உள்ளவருக்குக் கூட இருந்தே ஆறுதல் தரும் விலங்கை அங்கே 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்' என்கிறார்கள். நாய், பூனை, முயல் என எதுவாகவும் இருக்கலாம். தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்காகப் பேசப்பட்ட இந்த ஏற்பாட்டை இப்போது ஏடிஹெச்டி உள்ளவர்களும் நாடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், அது என்னிடம் அன்பாக இருக்கிறது, என்னைக் குறை சொல்வதில்லை என்பார்கள். அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அது எல்லா மனிதருக்கும் பொதுவானது. ஏடிஹெச்டி உள்ள மூளைக்கென்று விலங்கு செய்யும் தனி உதவி ஒன்று உண்டு என்பதும், அது அன்பைவிடக் கடமையின் பக்கம்தான் இருக்கிறது என்பதும் என் எண்ணம். அதை விளக்க, இந்தக் கோளாறு பெரியவர்களிடம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

வெகுகாலம் இது குழந்தைகளின் நோயாகவே கருதப்பட்டது. லண்டனில் 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் ஆற்றிய உரைகளில் இதன் சாயல் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1968-இல் இடம்பெற்றபோது அதன் பெயரிலேயே குழந்தைப் பருவம் இருந்தது. 1980-இல் கவனக்குறைவு என்ற சொல் பெயருக்குள் வந்தது. இப்போதைய பெயர் 1987-இல் வந்தது. 2013-இல் வெளியான ஐந்தாம் பதிப்புதான் பெரியவர்களுக்கென்று அளவுகோலைத் தளர்த்தியது: குழந்தைகளுக்கு ஆறு அறிகுறிகள் வேண்டும் என்றால், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும், அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். இரட்டையர் ஆய்வுகளின்படி பரம்பரையின் பங்கு நான்கில் மூன்று அளவுக்கு இருக்கிறது.

வயது ஏற ஏற ஓடியாடும் கால்கள் அடங்கிவிடும். ஓட்டம் மனத்துக்குள் போய்விடும். வங்கியில் பணம் இருக்கும், ஆனால் மின்கட்டணத்தை எப்போதும் அபராதத்தோடுதான் கட்டுவார். பத்துப் பேர் கூடிய அறையில் பிரமாதமாகப் பேசுவார், நாலு வரி மின்னஞ்சலுக்கு மூன்று வாரமாகப் பதில் போட்டிருக்க மாட்டார். பிடித்த வேலை கையில் கிடைத்தால் சாப்பாட்டையும் மறந்து விடிய விடிய உட்கார்ந்திருப்பார். இதைப் பார்ப்பவர்கள், மனசு வைத்தால் செய்கிறானே, வேண்டுமென்றே செய்யாமல் இருக்கிறான் என்ற முடிவுக்கு வருவார்கள். நாற்பது வயதுவரை அதையே கேட்டு வளர்ந்தவர் தானும் அதை நம்பிவிடுவார். ஏடிஹெச்டி உள்ள பெரியவரை அதிகம் நோகடிப்பது மறதியா, இந்தப் பழிச்சொல்லா என்று கேட்டால், பழிச்சொல் என்றுதான் நான் சொல்வேன்.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல பத்தாண்டுகளாக ஒரு கருத்தை வலியுறுத்தி வருகிறார். ஏடிஹெச்டி உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்ததை, செய்ய வேண்டிய இடத்தில், செய்ய வேண்டிய நேரத்தில் செய்வதில்தான் தடை என்கிறார். ஆகவே அறிவுரையால் பயன் குறைவு. எந்த இடத்தில் வேலை தவறுகிறதோ அந்த இடத்திலேயே, கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படும்படி உதவி இருக்க வேண்டும். காலத்தை உணர்வதிலும் இவர்களுக்குக் குறை உண்டு. எதிர்காலம் தூரத்துப் பொருள்போல மங்கலாகத் தெரியும். அருகில் வந்து முட்டும்போதுதான் உறைக்கும். இவர்களுக்கு இரண்டே காலங்கள்தான், 'இப்போது' ஒன்று, 'இப்போது இல்லை' மற்றொன்று என்று இத்துறை மருத்துவர்கள் சொல்வதுண்டு.

மூளையிலும் இதற்குத் தடயம் இருக்கிறது. மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து எடுக்காத ஏடிஹெச்டி உள்ள 53 பெரியவர்களையும் அது இல்லாத 44 பேரையும் பெட் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். ஊக்கத்தையும் வெகுமதியையும் கையாளும் மூளைப் பகுதிகளில், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளோடு தொடர்புடைய ஏற்பிகளும் கடத்திகளும் முதல் பிரிவினரிடம் குறைவாகத் தென்பட்டன. மாதக் கடைசியில் கிடைக்கும் பலனுக்காக இன்றைக்கு எழுந்து உட்கார வைக்கும் விசை இவர்களிடம் வலுவாக இல்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். உடனடி விளைவு உள்ள வேலை அவர்களை இழுக்கும். தள்ளிக் கிடக்கும் விளைவு, எவ்வளவு பெரியதானாலும், இழுக்காது.

இப்படிப்பட்ட ஒருவர் காலை ஏழு மணிக்கு அலாரம் வைக்கிறார். அலாரம் அடிக்கிறது. கண்ணைத் திறக்காமலே பெருவிரல் திரையில் இடம் தேடி அதை அணைத்துவிடுகிறது. இரண்டாவது அலாரத்துக்கும் அதே கதி. செல்போன் தன் கடமையை முடித்துவிட்டது. அதன் பிறகு அது அவரை எதுவும் கேட்காது. கேட்டாலும், கையில் எடுத்த அடுத்த நொடி அலாரத்தை மறந்து வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் நாய் இருந்தால் நடப்பது வேறு. அது கட்டிலருகே வந்து நின்று பார்க்கும். போர்வைக்கு வெளியே தெரியும் பாதத்தில் ஈர மூக்கை வைக்கும். அவர் புரண்டு படுத்தால் அந்தப் பக்கம் சுற்றி வரும். நகம் தரையில் தட்டும் சத்தம் கேட்கும். முனகல், பிறகு ஒரு குரைப்பு. இதை அணைக்கப் பொத்தான் இல்லை. கொஞ்ச நேரம் தள்ளிப்போட்டால் தரையைத் துடைக்க வேண்டியிருக்கும், அதுவும் இப்போதே. பார்க்லி சொல்கிற எல்லாமே இங்கே கூடி வருகின்றன: உதவி வெளியே இருக்கிறது, வேலை தவறும் இடத்திலேயே இருக்கிறது, விளைவு உடனே வருகிறது. பலனும் உடனே வருகிறது. சங்கிலியை எடுத்தவுடன் நாய் துள்ளும் துள்ளலுக்கு மாதக் கடைசிவரை காத்திருக்கத் தேவையில்லை.

அந்த நடையோடு வேறு நன்மைகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களில் பலருக்கு உடம்பின் உள்கடிகாரமே பின்தங்கி ஓடுகிறது. இரவில் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் சுரப்பு தாமதமாகத் தொடங்குவதால் தூக்கம் நள்ளிரவைத் தாண்டித்தான் வரும். நெதர்லாந்தின் மனநல மருத்துவர் சாண்ட்ரா கோயும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பின்தங்கிய கடிகாரத்தை முன்னுக்குக் கொண்டுவர அறியப்பட்ட வழிகளில் ஒன்று காலை வெளிச்சம் கண்ணில் படுவது. நாயோடு தெருவில் நடப்பவருக்கு அது தானாகக் கிடைக்கிறது. உடற்பயிற்சி கவனத்துக்கு நல்லது என்று மருத்துவர் சொல்லக் கேட்டு, உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு இரண்டாம் வாரம் நின்றுபோனவர்கள் இவர்களில் நிறைய. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு என்ற பரிந்துரையை எட்டும் வாய்ப்பு நாய் வளர்ப்பவர்களுக்கு மற்றவர்களைவிட நான்கு மடங்கு என்று கண்டது. மழை பெய்தாலும் மனசு சரியில்லை என்றாலும் நாய் வெளியே போயாக வேண்டும்.

மாத்திரையையும் இதோடு கோக்கலாம். ஏடிஹெச்டி மருந்தைப் பற்றிய பெரிய வேடிக்கையும் வேதனையும் ஒன்றுதான்: அதை நினைவாகப் போட்டுக்கொள்ள, அது சரிசெய்ய வேண்டிய அதே திறன் தேவைப்படுகிறது. 'மறக்காமல் போட வேண்டும்' என்ற தீர்மானம் காற்றோடு போய்விடும். 'நாய்க்குத் தட்டில் தீனி கொட்டியதும் மேலலமாரியைத் திறப்பேன்' என்ற தீர்மானம் நிற்கும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே இந்த வகைத் தீர்மானங்களின் வலிமையைக் காட்டினார். இது நடந்தால் அதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்பவர்கள், வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். டாலஸ் பிள்ளைகளின் மீன்தொட்டியில் நடந்ததும் இதுவே.

இனி அன்பின் பக்கத்துக்கு வருகிறேன். அதை நான் மறுக்கவில்லை. அதற்கும் அறிவியல் உண்டு. கேரன் ஆலன் என்ற ஆய்வாளர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், 45 பெண்களுக்கு மனக்கணக்குக் கொடுத்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தார். நெருங்கிய தோழி பக்கத்தில் இருந்தபோது படபடப்பு கூடியது. தங்கள் நாய் பக்கத்தில் இருந்தபோது அப்படிக் கூடவில்லை. தோழி எவ்வளவு நல்லவளானாலும் கணக்கில் தப்பு விட்டால் கவனிப்பாள். நாய் கணக்கைப் பார்ப்பதில்லை. வாழ்நாள் முழுக்கத் தப்புகளுக்காகத் திட்டு வாங்கியவருக்கு, மதிப்பெண் போடாத ஒரு ஜீவன் அறையில் இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிஷியா பென்ட்ரி 249 மாணவர்களை வைத்துச் செய்து 2019-இல் வெளியிட்ட சோதனையில், நாயையும் பூனையையும் பத்து நிமிடம் தடவிக்கொடுத்தவர்களுக்கு உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவு குறைந்தது. வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கும், படம் மட்டும் பார்த்தவர்களுக்கும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கை தொட வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்னபின் கணக்கின் மறுபக்கத்தையும் வைத்தாக வேண்டும். ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களுக்குச் சொந்தமாக ஒரு துணை விலங்கைக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டு, இதோ பலன் என்று நிரூபித்த ஆய்வு எதையும் என்னால் இங்கே எடுத்துக்காட்ட முடியாது. நான் மேலே கட்டியது பல திசைகளிலிருந்து வந்த செங்கற்களைக் கொண்ட ஊகம். நல்ல ஊகம் என்று நம்புகிறேன், ஆனால் ஊகம்தான்.

இருப்பதில் மிக நெருங்கி வருவது குழந்தைகளிடம் நடந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் சப்ரினா ஷுக் குழுவினர், 7 முதல் 9 வயதுள்ள, மருந்து எடுக்காத 88 ஏடிஹெச்டி குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, இரு பிரிவுக்கும் 12 வாரம் சமூகத் திறன் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவின் வகுப்புக்குப் பயிற்சி பெற்ற நாய்கள் வந்தன. இரு பிரிவும் முன்னேறின. நாய்கள் வந்த பிரிவில் கவனக்குறைவு கூடுதலாகக் குறைந்தது, பழகும் விதமும் மேம்பட்டது. துறுதுறுப்பிலும் அவசரப்படுவதிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. 2018-இல் வெளியான இந்த முடிவு மதிக்கத்தக்கது. ஆனால் அவை வகுப்பு முடிந்ததும் தங்கள் வீட்டுக்குப் போய்விடும் நாய்கள்; கூட இருந்தவர்கள் நிபுணர்கள்; பலன் பெற்றவர்கள் குழந்தைகள். இதை வைத்துக்கொண்டு, தனியாகக் குடியிருக்கும் 35 வயதுக்காரருக்கு நாய் வாங்கச் சீட்டு எழுத முடியாது.

எமோஷனல் சப்போர்ட் அனிமல் என்ற ஏற்பாட்டையே நேரடியாகச் சோதித்த முதல் ஆய்வு, ஓஹையோ மாநிலத்தின் டொலீடோ பல்கலைக்கழகத்திலிருந்து 2021-இல்தான் வந்தது. அதற்குள் அமெரிக்க விமானங்களில் மயில்வரை ஏற்றப் பார்த்துவிட்டார்கள். ஜேனட் ஹாய்-கெர்லாக் என்ற சமூகப்பணித் துறைப் பேராசிரியர், தீவிர மனநோயோடு குறைந்த வருமானத்தில் தனிமையில் வாழும் 11 பேருக்குக் காப்பகத்திலிருந்து நாயோ பூனையோ கிடைக்கச் செய்து ஓராண்டு கவனித்தார். மனச்சோர்வும் பதற்றமும் தனிமையும் குறைந்திருந்தன. பதினோரு பேர்; ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. வெளியிட்டவர்களும் இதைத் தொடக்கம் என்றே சொன்னார்கள்.

வளர்ப்புப் பிராணி இருந்தால் உடம்பும் மனமும் நன்றாக இருக்கும் என்பது நாம் நம்ப விரும்பும் செய்தி. ஆகவே கூடுதல் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் தகவலை அலசி ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2017-இல் வெளியிட்ட முடிவு இங்கே பொருந்தும். நாய் பூனை இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மேலோட்டமாகப் பார்த்தால் ஆரோக்கியமாகத் தெரிந்தார்கள். வருமானம், சொந்த வீடு, பெற்றோரின் உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. வசதியும் நிதானமும் உள்ள வீடுகளில்தான் பிராணி வளர்க்க இடம் இருக்கிறது. நாம் பிராணியின் பெருமை என்று நினைத்தது வீட்டின் நிலைமையாக இருக்கலாம்.

அமெரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் இரண்டு பிரிவு வைத்திருக்கிறது. பலர் குழப்பிக்கொள்வதால் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பிரிவு 'சர்வீஸ் அனிமல்'. 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி அது குறிப்பிட்ட வேலைக்குப் பயிற்சி பெற்ற நாய்; சில இடங்களில் குட்டைக் குதிரையும் உண்டு. ஏடிஹெச்டி உள்ளவருக்கும் அப்படி நாய் இருக்கலாம்: குறித்த வேளையில் மாத்திரையை நினைவூட்டும், மணிக்கணக்கில் ஒன்றிலேயே மூழ்கிக் கிடப்பவரைத் தட்டி எழுப்பும். கடைக்கும் அலுவலகத்துக்கும் அதைக் கூட்டிப்போகும் உரிமை உண்டு. கூட இருப்பதே ஆறுதல் என்பது மட்டும் அந்தச் சட்டத்துக்குப் போதாது. இரண்டாம் பிரிவுதான் எமோஷனல் சப்போர்ட் அனிமல். அதற்கு வீட்டுவசதிச் சட்டத்தில்தான் முக்கியமான பாதுகாப்பு: பிராணிகளுக்கு அனுமதியில்லாத வாடகை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம், பிராணிக்கென்று தனிக் கட்டணம் கேட்கக் கூடாது. அதற்கு, கோளாறு அன்றாட வாழ்க்கையைக் கணிசமாக முடக்குகிறது என்றும் விலங்கு அதற்கு உதவுகிறது என்றும் காட்ட வேண்டும். ஏடிஹெச்டி என்ற பெயர் மட்டும் இருந்தால் போதாது. விமானங்களில் இருந்த சலுகை போய்விட்டது. 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் மயிலோடு வந்து நின்றது உலகச் செய்தியானது. 2021 ஜனவரி முதல் இத்தகைய விலங்குகளை ஏற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இல்லை.

பணம் கட்டினால் சில நிமிடத்தில் சான்றிதழ் அனுப்பும் இணையதளங்கள் இந்த ஏற்பாட்டுக்குச் செய்த தீங்கு பெரிது. அரசாங்கத்தில் இதற்கென்று பதிவேடே கிடையாது. அவர்கள் விற்கும் அட்டையும் பட்டையும் சட்டத்தின் முன் வெறும் அலங்காரம். கலிஃபோர்னியா மாநிலம் 2022 முதல், ஒருவருக்கு ஆறுதல் நாய் தேவை என்று கடிதம் எழுதித் தரும் சிகிச்சையாளர் குறைந்தது 30 நாளாவது அவரோடு சிகிச்சைத் தொடர்பில் இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. சரியான சட்டம் என்பது என் கருத்து. பொய்க் கடிதங்களால் கடைசியில் அடிபடுபவர்கள், உண்மையில் தேவை இருப்பவர்கள்தான்.

எனக்கு மிகவும் கவலை தரும் பக்கம் விலங்கின் பக்கம். இதுவரை நாயை ஒரு கருவிபோலவே பேசிவந்தேன். அதற்குப் பசியும் வலியும் பயமும் உண்டு. ஏடிஹெச்டியின் அறிகுறிகளில் அவசர முடிவு ஒன்று. புதுமைமீது தாகம் ஒன்று. சனிக்கிழமை காப்பகத்துக்கு வேடிக்கை பார்க்கப் போய், மாலையே நாய்க்குட்டியோடு திரும்பும் ஆபத்து இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். முதல் மாதம் கொண்டாட்டம்; பெயர், கழுத்துப்பட்டை, பயிற்சிக் காணொளிகள் என்று இரவு பகலாக அதுவே உலகம். புதுமை வற்றியபின் அடுத்த பன்னிரண்டு பதினான்கு ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன. குட்டி நாய் இரவில் பலமுறை எழுப்பும், கடிக்கும், கத்தும். ஏற்கெனவே தூக்கம் கெட்டு, சத்தத்தால் எளிதில் சிதறும் ஒருவருக்கு அது உதவியாகாமல் சுமையாகிவிடலாம். சுமையானால் குற்றவுணர்ச்சி வரும். 'நாயைக்கூட என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை' என்ற எண்ணம், பழைய பழிச்சொற்களின் மேல் போய் உட்காரும்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீத்தைல்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமைன் வகை ஏடிஹெச்டி மருந்துகள் நாய்க்கும் பூனைக்கும் விஷம். அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்துக்கு வரும் அழைப்புகளில் மனிதர்களின் மருந்துகள் ஆண்டுதோறும் முன்வரிசையில் இருக்கின்றன. ஏடிஹெச்டி மருந்துகளும் அவற்றில் சேர்த்தி. மேசையில் எடுத்து வைத்த கேப்ஸ்யூலை விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய், வழியில் வேறு வேலையில் மாட்டிக்கொள்வது ஏடிஹெச்டி உள்ளவரின் வழக்கமான காலை. திரும்பி வருவதற்குள் நாய் விழுங்கியிருக்கும். நிலைகொள்ளாமல் அலைவது, விரிந்த கண்மணி, வேகமான இதயத் துடிப்பு, உடல் சூடு, நடுக்கம், வலிப்பு என்று போகும், உயிரும் போகலாம். அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆகவே நாய்த் தீனியோடு மாத்திரையை முடிச்சுப் போடுங்கள் என்று சொன்னதில் ஒரு நிபந்தனை உண்டு: மாத்திரை இருக்கும் இடம் தீனி டப்பாவுக்கு அருகில் அல்ல, கதவு உள்ள மேலலமாரியில். அதன் முன் நின்றபடியே விழுங்கிவிட்டு, டப்பாவை மூடிவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.

விலங்கின் பராமரிப்பில் எது தானாக நினைவூட்டும், எது நினைவூட்டாது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. பசியும் சிறுநீரும் தாமே குரல் கொடுக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் ஆண்டுத் தவணை குரல் கொடுக்காது. உண்ணி மருந்து, பல், நகம், பூனையின் மணல்தட்டு, மருத்துவச் செலவுக்கான பணம் எதுவும் குரல் கொடுக்காது. பூனை தன் நோயை ஒளித்துவைக்கும் பிராணி. மீன்தொட்டியின் தண்ணீர் கெடுவது கண்ணுக்குத் தெரிவதற்குள் மீன் மிதக்கும். இந்த ஊமை வேலைகள் எல்லாம், இவரிடம் எது குறைவோ அதையே நம்பி நிற்பவை. அவற்றை வேறொருவர் பொறுப்பில் விடுவதோ, மருத்துவமனையே கூப்பிட்டு நினைவூட்டும்படி முதல் நாளே ஏற்பாடு செய்வதோதான் நேர்மை. துணைக்கு இன்னொரு மனிதரே இல்லாதவர் நாய் வளர்க்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு அந்த ஏற்பாடு இரட்டிப்பு உறுதியாக இருக்க வேண்டும்.

குட்டியைவிட நான்கைந்து வயதான, பழகிய, சாந்தமான நாய் பொருத்தம் என்பதும் இதனால்தான். துறுதுறுப்பான ஆளுக்குத் துறுதுறுப்பான நாய் என்ற பொருத்தம் பேச நன்றாக இருக்கும். வேட்டைக்கும் மேய்ச்சலுக்கும் உருவான இனங்களுக்குத் தினமும் வேண்டிய ஓட்டமும் வேலையும் அளவில் பெரிது. நம் ஊரில் சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் அடுக்ககத்தின் இரண்டு அறைக்குள் அடைப்பது இந்தத் தவறுதான். பனிநாட்டு ஹஸ்கியைச் சென்னை வெயிலுக்குக் கொண்டுவருவது அதைவிடக் கொடுமை.

இந்தியாவில் எமோஷனல் சப்போர்ட் அனிமல் என்ற சட்டப் பிரிவு இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஏடிஹெச்டி தனியாக இடம்பெறவில்லை. அமெரிக்க இணையதளங்களில் வாங்கும் கடிதத்தை இங்கே யாரிடம் காட்டியும் பயனில்லை. ஆனால் வீட்டில் நாய் வைத்துக்கொள்ளக் கடிதமே தேவையில்லை. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் பிராணி வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நமக்கு இருக்கும் குறை வேறு: ஏடிஹெச்டி இருப்பதையே அறியாமல் 'பொறுப்பில்லாதவர்' என்ற பட்டத்தோடு ஐம்பது வயதைத் தொடுபவர்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது நாயல்ல, மனநல மருத்துவரின் ஒரு மணி நேரம். மருந்தும் நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்து செய்வதை எந்த விலங்கும் செய்யாது. சிகிச்சை தொடங்கி, அன்றாடம் கொஞ்சம் பிடிபட்ட பிறகு விலங்கு வந்தால், பிடிபட்டதை நழுவாமல் வைத்துக்கொள்ள அது உதவும்.

வாங்குவதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. காப்பகங்கள் பலவும், நிரந்தர வீடு கிடைக்கும்வரை நாயையும் பூனையையும் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகின்றன. முடிவுத் தேதி உள்ள பொறுப்பு அது. சரிவரவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பதில் அவமானம் இல்லை. அந்த வாரங்களில் 'எனக்கு இதைப் பிடித்திருக்கிறதா' என்று பார்க்கத் தேவையில்லை; பிடிக்கத்தான் செய்யும். தாளில் இரண்டு பத்தி போட்டுக் குறிக்கலாம். நாய் வந்தபின் நான் எழும் நேரம், தூங்கும் நேரம், மாத்திரை போட்ட நாட்கள் ஒரு பத்தியில். நாய்க்குத் தீனி தாமதமான வேளைகள், தண்ணீர்ப் பாத்திரம் காலியாகக் கிடந்த வேளைகள், நடை தவறிய நாட்கள் மறு பத்தியில். புதுமையின் வேகம் தணிந்த மூன்றாம் நான்காம் வாரத்தின் குறிப்புகளை, வீட்டில் இருக்கும் இன்னொருவரையோ சிகிச்சை தரும் மருத்துவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இரண்டு பத்தியும் நன்றாக இருந்தால் காப்பகத்தின் தத்தெடுப்புப் படிவத்தை அன்றைக்கே நிரப்பிவிடலாம்.